பழைய சைக்கிளை வாங்கி மாற்றி அமைப்போருக்கு: வன்னிக்கான முழுமையான வழிகாட்டி

பழைய சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கி, அதை மீன்பெட்டி சுமக்கும் வண்டியாகவோ, விறகும் நெல்மூடையும் ஏற்றும் வண்டியாகவோ, ஒரு காலை இழந்தவர் ஓட்டக்கூடிய வண்டியாகவோ மாற்றி அமைக்க எண்ணுபவர், தான் காசு கொடுப்பது அதன் பிறேமுக்கும் முன் போர்க்குக்கும் மட்டுமே என்று கருதிக்கொண்டு பேரத்துக்குப் போக வேண்டும். ரயர், ரியூப், செயின், சீற், பிறேக் கட்டை எல்லாம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புதிதாக வாங்கி மாற்றக்கூடியவை. வளைந்த பிறேமையும் உள்ளே துருப்பிடித்துப்போன குழாயையும் எந்தக் கடையிலும் மாற்றித் தர மாட்டார்கள். ஆனால் விற்பவர் முன்னுக்குக் கொண்டுவந்து காட்டுவது பெரும்பாலும் புதுப் பூச்சையும் புது சீற்றையும் மினுங்கும் பெல்லையும்தான். வாங்க வந்தவரின் கண்ணும் அவற்றிலேயே நின்றுவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்தக் கண்ணை வேறு இடங்களுக்குத் திருப்புவதற்காக எழுதப்படுகிறது.

இலங்கையின் வடக்கே உள்ள வன்னி, சைக்கிளை நம்பி வாழ்ந்த நிலம். 1990களில், போரின்போது, எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில் இங்கே சைக்கிளே பார ஊர்தியாகவும் நோயாளர் வண்டியாகவும் இருந்தது. அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலியும் கேட்டார்கள். பின்னால் பாரம் ஏற்றும் கரியலை இரட்டைக் கம்பியால் பலப்படுத்துவதும், பின்சில்லைக் கனத்த கம்பிகளால் கோர்ப்பதும் அந்த நாட்களில் வளர்ந்த கைவேலைகள். அந்த வேலை தெரிந்த மூத்த திருத்துநர்கள் இன்றும் பல சந்திகளில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், சைக்கிளைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் போய், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி யோசனை கேளுங்கள். வாங்கிய பிறகு கொண்டுபோய்க் காட்டுவதைவிட அது பலமடங்கு பயனுள்ளது.

முதலில் தேவையைத் தீர்மானியுங்கள்

எதற்காக மாற்றுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு பாரம், எந்தப் பாதை, யார் ஓட்டுவது, எங்கே நிறுத்துவது ஆகிய நான்குக்கும் பதில் எழுதினால் போதும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் மீன் கொண்டுபோகிறவருக்கு உப்புநீரும் நீண்ட தார்வீதியும் பிரச்சினை. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவருக்கு வாய்க்கால் வரம்பும் சேறும் பிரச்சினை. உள்ளூர்க் கிரவல் வீதியில் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிப்போகும் தாய்க்கு, பாரமேறிய நிலையிலும் காலை நிலத்தில் ஊன்றி நிற்கக்கூடிய உயரம் முக்கியம். மூவருக்கும் ஒரே பிறேம் பொருந்தாது.

பொதுவாகச் சொல்வதானால், கனமான பாரத்துக்குப் பார் (சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் இடையே ஓடும் மேல் குழாய்) உள்ள பழைய வகை உருக்குப் பிறேமே சிறந்தது. பார் இல்லாத லேடீஸ் பிறேம் ஏறி இறங்க இலகுவானது என்றாலும், பின்னால் பாரம் ஏறும்போது நடுவில் முறுகும் தன்மை அதற்கு உண்டு. ஒரு பிள்ளைக்கும் ஒரு கூடைக்கும் அது போதும், ஒரு மூடைக்குப் போதாது. முன்னும் பின்னும் சொக் அப்சோபர் பூட்டிய மலிவான மலைச் சைக்கிள்கள் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் அவற்றின் பின்பகுதி மூட்டில் ஆடிக்கொண்டிருப்பதால் கரியலைச் சரியாகப் பூட்ட இடமில்லை, மிதிக்கும் வலுவில் ஒரு பங்கு சுருளிலேயே வீணாகிறது, மூட்டு தேய்ந்தால் அதற்குரிய உதிரிப்பாகமும் கிடைக்காது. மாற்றி அமைப்பதற்கு அடித்தளமாக அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கே, எப்போது தேடுவது

மலிவான நல்ல பிறேம் பெரும்பாலும் விற்பனைக்கு வைத்த இடத்தில் இருப்பதில்லை. ஒரு வீட்டின் கோடிப்புறத்தில், மோட்டார் சைக்கிள் வந்த பிறகு சாத்திவைக்கப்பட்ட நிலையில் இருக்கும். உறவினரிடமும் அயலவரிடமும் பால் சேகரிப்பவரிடமும் சொல்லிவைத்தால் தகவல் வந்துசேரும். திருத்தும் கடைகளில், கூலி கொடுத்து மீட்கப்படாமல் நிற்கும் சைக்கிள்கள் சில இருப்பதுண்டு. கடைக்காரருக்கு அவற்றை விற்கும் உரிமை இருக்கிறதா, உரியவர் சம்மதித்தாரா என்பதைக் கேட்டறிந்த பிறகே அவற்றைத் தொட வேண்டும். பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறையின் விலைக்கே பிறேம் கிடைக்கலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை அவரால் சொல்ல முடியாது. நீதிமன்றங்கள் சான்றுப் பொருட்களை ஏலத்தில் விடும் அறிவித்தல்களையும் கவனியுங்கள். அங்கே வாங்கினால் பற்றுச்சீட்டு கிடைக்கும், உரிமைபற்றிய கவலை இல்லை. என்றாலும் ஓட்டிப் பார்த்து வாங்கும் வசதி அங்கே இருக்காது.

காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் வீடுகளுக்குப் புதிய வண்டிகள் வரும், பழையவை வெளியே வரும். புதிய பாடசாலைத் தவணை தொடங்கும் வேளையில் சிறுவர் சைக்கிளையும் லேடீஸ் சைக்கிளையும் எல்லோரும் தேடுவார்கள், ஆகவே விலை இறங்காது. மழைக்காலத்தில் தேடுவதில் ஒரு நன்மை உண்டு: பிறேக் நனைந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்பதை நேரிலேயே பார்க்கலாம்.

வாங்கவே கூடாதவை

நெருப்பில் அகப்பட்ட பிறேமை வாங்காதீர்கள். 2009 வரையான இடப்பெயர்வுகளின்போது கைவிடப்பட்ட சைக்கிள்களில் எத்தனையோ எரிந்தன; எரிந்த ஒன்றைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடித்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. வெப்பம் பட்ட குழாயின் பாதுகாப்புப் பூச்சு உள்ளும் புறமும் போய்விடுவதால் துரு வேகமாகப் பிடிக்கும். இழுத்துச் செய்த குழாயின் இறுக்கமும் வெப்பத்தில் தளர்ந்துவிடும். ஹாண்டில் தண்டு இறங்கும் தலைக்குழாயின் உட்புறத்தையும் சீற் குழாயின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். கரிய செதில்கள் சீராகப் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். சன்னமோ எறிகணைச் சிதறலோ துளைத்து, பிறகு ஒட்டி நிரப்பப்பட்ட குழாய்களும் உண்டு. அந்தச் சைக்கிள் தன் குடும்பத்தை எங்கெங்கோ சுமந்து வந்திருக்கும், அதை விற்பவரிடம் மரியாதையோடுதான் பேச வேண்டும். ஆயினும் பாரம் ஏற்றுவதற்கு அந்தக் குழாய் உகந்ததல்ல.

பிறேம் இலக்கம் அராவி அழிக்கப்பட்ட சைக்கிள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அலுமினியப் பிறேம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாற்றி அமைப்பதற்கு வேண்டாம்: அதில் ஊரிலுள்ள சாதாரண வெல்டிங் கடையில் எதையும் ஒட்ட முடியாது, வளைத்து நிமிர்த்தவும் முடியாது. ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் உருக்கா அலுமினியமா என்பது உடனே தெரிந்துவிடும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

காந்தம், கைவிளக்கு, அளவு நாடா, மூன்று பாகம் நீளமான மெல்லிய நூல், ஒரு துண்டுத் துணி, சீற்றையும் சில்லையும் கழற்றக்கூடிய சாவிகள், இலக்கங்களை எழுத ஒரு கொப்பி. விற்பவர் சீற்றைக் கழற்ற அனுமதிக்க மறுத்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறேமைப் பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில், சைக்கிளைத் துணியால் துடைத்த பிறகு பாருங்கள். முதலில் தலைக்குழாய்க்குச் சற்றுக் கீழே, சரிவாக இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். முன்னால் எதிலாவது மோதிய சைக்கிளில் அந்த இடத்தில் பூச்சு சுருங்கியிருக்கும், அல்லது குழாயில் மெல்லிய மடிப்பு ஒன்று கையில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். அதே மோதலில் பாரின் முன்முனையிலும் மடிப்பு விழுந்திருக்கக்கூடும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

அடுத்துப் பக்கவாட்டில் தள்ளி நின்று முன் போர்க்கைப் பாருங்கள். தலைக்குழாயின் கோட்டிலேயே போர்க்கின் மேற்பகுதி இறங்கி, கீழே முன்னோக்கி மென்மையாக வளைய வேண்டும். மேற்பகுதியிலேயே பின்னோக்கி ஒடிந்ததுபோலத் தெரிந்தால் அது வளைந்த போர்க். போர்க் மட்டும் வளைந்து பிறேம் நேராக இருந்தால், விலையில் அதைக் கழித்துக்கொண்டு வேறு போர்க் பூட்டலாம். நிமிர்த்திய போர்க்கில் பாரம் ஏற்ற வேண்டாம்.

பிறேம் நேராக இருக்கிறதா என்பதை நூலால் அறிய வேண்டும். இதை எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாமல் நீங்களே செய்யுங்கள். நூலின் ஒரு முனையைப் பின் அச்சு இருக்கும் இடது காடியில் கட்டி, முன்னால் கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, வலது காடிக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீற் குழாயின் இரு பக்கமும் நூல் ஓடும். நூலுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை இருபுறமும் அளங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பின்பகுதி நேர். 2 மி.மீ. வரை வித்தியாசம் பழைய சைக்கிளில் இருக்கக்கூடியதே, 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் பின்பகுதி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உருக்குப் பிறேமில் சிறிய சாய்வைத் தேர்ந்த திருத்துநர் நிமிர்த்துவார், ஆனால் அதற்கான கூலியையும் ஆபத்தையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

துரு வெளியே தெரிவது பெரிய கேடு அல்ல. உள்ளிருந்து தின்பதே கேடு. சீற்றை அதன் தண்டோடு கழற்றிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சீற் குழாயைத் தட்டுங்கள். செந்நிறத் தூள் சிறிது கொட்டினால் பரவாயில்லை, செதில் செதிலாகக் கொட்டினால் குழாயின் சுவர் மெலிந்துவிட்டது. பிறகு பெடல் அச்சு ஓடும் கூட்டைச் சுற்றியுள்ள குழாய்களைச் சாவியின் முனையால் மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். மணியோசை திடீரென்று மந்தமாகும் இடத்தில் நின்று கவனியுங்கள். மழைநீர் குழாய்களின் வழியே இறங்கிக் கடைசியில் தேங்கும் இடம் அந்தக் கூடுதான். நாயாறு, கொக்கிளாய், மாத்தளன், நாச்சிக்குடா போன்ற கரையோரங்களில் ஓடிய சைக்கிளாக இருந்தால் இந்தச் சோதனையை இருமுறை செய்யுங்கள். மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் கரியலின் வழியே பின் கவைக்குழாய்களில் இறங்கி, அச்சுக் காடியின் ஓரத்தில்தான் முதலில் அரிக்கத் தொடங்கும்.

சீற் தண்டோ ஹாண்டில் தண்டோ இறுகிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். ஹாண்டிலின் மேலுள்ள நீண்ட ஆணியைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டினால், உள்ளே பிடித்திருக்கும் கூம்பு விடுபட்டுத் தண்டு அசைய வேண்டும். அசையாவிட்டால் உயரத்தை மாற்ற முடியாது. மாற்றி அமைக்கும் வண்டிக்கு உயரம் மாற்ற முடியாதது பெரிய குறை.

ஏற்கெனவே ஒட்டிய இடங்களை எண்ணுங்கள். பழைய பிறேம்களின் மூட்டுகள் பித்தளையால் ஒட்டப்பட்டவை. குழாயின் சுவர் மிக மெல்லியது. ஆர்க் வெல்டிங்கால் அதில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால், ஒட்டின் ஓரத்தில் குழாய் எரிந்து இன்னும் மெலிந்திருக்கும், அடுத்த வெடிப்பு அந்த ஓரத்திலேயே வரும். நீங்களும் கரியல் தாங்கியோ வேறு கொளுவியோ ஒட்டப்போவதானால், காஸ் சுடரில் பித்தளை ஒட்டுச் செய்பவரைத் தேடுங்கள். இயன்றவரை ஒட்டாமல், பட்டியும் நட்டும் போட்டு இறுக்குவது அதைவிட நல்லது.

அளவுகள்

மலிவாக வாங்கிய பிறேம் பிறகு விலை கூடியதாக மாறுவது பெரும்பாலும் அளவு பொருந்தாததால்தான். ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

ரயரின் பக்கத்தில் அச்சிட்ட இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். 26 அங்குலம் என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ ரயர் உட்காரும் றிம்மின் விட்டம் 590 மி.மீ.; 26 × 1.75, 26 × 2.125 போன்ற மலைச் சைக்கிள் ரயர்கள் உட்காருவது 559 மி.மீ. றிம்மில். ஒன்றுக்கொன்று ஏறாது. பழைய பெரிய சைக்கிள்களின் 28 × 1½ ரயர் 635 மி.மீ. றிம்முக்குரியது, ஆனால் ஓட்டப் பந்தய வகைச் சைக்கிள்களின் 700 சி ரயர் 622 மி.மீ. றிம்முக்குரியது. உங்கள் ஊர்க் கடையில் எந்த அளவு எப்போதும் கிடைக்கிறது என்பதைக் கேட்டு, அதற்கேற்ற பிறேமைத் தேடுங்கள். சில்லின் அளவை மாற்ற நினைத்தால், பிறேக் கட்டை புதிய றிம்முக்கு எட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும்: 590இலிருந்து 559க்கு மாறினால் பிறேக் 15 மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்க வேண்டிவரும். கிரவல் வீதிக்கும் பாரத்துக்கும் 559 றிம்மில் அகன்ற ரயர் போடுவதே என் தெரிவு. சில்லு சிறிதாவதால் உறுதி கூடும், ரயரில் காற்று அதிகம் இருப்பதால் கல்லில் றிம் அடிபடாது, உடைமுள் ஏறினாலும் தடித்த ரப்பர் ஓரளவு காக்கும்.

பின் அச்சுக் காடிகளின் இடைவெளியை உட்புறமாக அளங்கள். ஒற்றைப் பல்சில்லுடைய பழைய வண்டிகளில் அது 110 மி.மீ. அளவில் இருக்கும், மலைச் சைக்கிள்களில் 135 மி.மீ. வரை போகும். இந்த இடைவெளிதான் எந்த ஹப் (சில்லின் நடுப்பகுதி) பொருந்தும் என்பதை முடிவுசெய்கிறது. உருக்குப் பிறேமைச் சில மில்லிமீற்றர் விரிக்கலாம், இருபுறமும் சமமாக விரித்து நூலால் மீண்டும் சோதிக்க வேண்டும். 110ஐ 135 ஆக்க முயல்வது பிறேமைக் கெடுப்பதாகும்.

பெடல் அச்சுக் கூட்டின் மரை அடுத்தது. பெரும்பாலான உருக்குச் சைக்கிள்களில் அது 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டது. அதில் திருகிப் பூட்டும் கப் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்யப்பட்ட பழைய றலிச் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 26 மரை இருக்கும். இன்றைய கப் அதில் ஏறாது. முற்றத்தில் பேணி வைத்த பழைய றலி ஒன்று மலிவாகக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள், ஆனால் அதன் கப்புகளும் அச்சும் நல்ல நிலையில் இருப்பதை உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். லுமாலா போன்ற உள்ளூர் வண்டிகளின் பெரிய நன்மை, அவற்றுக்குரிய உதிரிப்பாகம் ஊர்க் கடையிலேயே தொங்குவதுதான். பெயருக்காக வாங்குபவர் வேறு வண்டியை விரும்பலாம். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு இந்த நன்மை பெரிது.

பெடலை அச்சோடு இணைக்கும் கையான கிராங்கைச் சோதிக்க, இரண்டு பெடல்களையும் கிடையாக நிறுத்தி, பின்சில்லை அசையாமல் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்துங்கள். ஒன்று சற்றுத் தளர்ந்து இறங்கினால், கிராங்கை அச்சில் இறுக்கும் கொட்டர் பின் தேய்ந்திருக்கிறது. பின்னை மாற்றுவது சிறு செலவு, ஆனால் தேய்ந்த பின்னோடு நெடுநாள் ஓடியிருந்தால் கிராங்கின் துளையும் அச்சின் வெட்டும் தேய்ந்திருக்கும்.

செயினின் தேய்வை அளவு நாடாவால் அறியலாம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்தால், மற்றோர் ஆணியின் நடு அந்தக் கோட்டில் சரியாக விழ வேண்டும். அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளி விழுந்தால் செயினை மாற்ற வேண்டும், எட்டில் ஒரு பங்கு தள்ளினால் பின்சில்லின் பல்சில்லான பிறீவீலும் முன் பல்சில்லும் அதோடு தேய்ந்துவிட்டன என்று கணக்கில் சேருங்கள்.

பற்களை எண்ணத் தவறாதீர்கள். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் இருந்தால், 28 அங்குலச் சில்லில் ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீற்றர் போகும். பின்னே 22 பல் பிறீவீல் போட்டால் அது 4.5 மீற்றர் அளவுக்குக் குறையும். வெறுமையாகப் போகும்போது கால் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், ஆனால் மூடையோடு கச்சான் காற்றை எதிர்த்துப் போகும்போது முழங்கால் நன்றி சொல்லும். வன்னி சமதரை என்பதால் பல கியர்கள் தேவைப்படுவதில்லை. நன்றாகத் தெரிவுசெய்த ஒற்றைப் பிறீவீல், மண்ணும் மணலும் படிந்து விரைவில் கெடும் கியர் மாற்றியைவிட நம்பிக்கையானது.

சில்லும் பிறேக்கும்

பழைய பெரிய சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32 கம்பியும் பின்சில்லுக்கு 40 கம்பியும் இருப்பது வழக்கம். 40 கம்பி ஹப்போடு நேரான றிம் கிடைத்தால் பாரத்துக்கு அதைவிட மேலானது இல்லை. மாற்றிக் கோர்ப்பதானால் பின்சில்லுக்கு 2 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 2.3 மி.மீ. கம்பி கேளுங்கள். சில்லைச் சுழற்றி, பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையிலுள்ள வெளி கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு ஆட்டத்தைக் கம்பி இறுக்கிச் சரிசெய்யலாம், குழியில் விழுந்து தட்டையான றிம்மைச் சரிசெய்ய முடியாது.

கம்பிக்கோல் பிறேக் உள்ள வண்டிகளின் கட்டை றிம்மின் உட்புறத்தில் பிடிக்கும். அந்த றிம்மின் பக்கங்கள் உருண்டையானவை. அதில் கேபிள் பிறேக் பூட்ட விரும்பினால் றிம்மையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள். உருக்கு றிம் நனைந்தால் பிறேக்கின் பிடி பெருமளவு குறைந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் பாரத்தோடு ஏ-9 வீதியில் போகப்போகிறவர் அலுமினிய றிம்முக்கோ, பின் ஹப்பில் இயங்கும் பட்டி பிறேக்குக்கோ காசு ஒதுக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஒரு காலாலோ ஒரு கையாலோ ஓட்டுபவருக்கு

இந்த மண்ணில் இப்படிப்பட்ட வண்டி தேவைப்படுவோர் பலர். அவர்களுக்கு வாங்கும்போது கணக்கு மாறுகிறது. ஏறி இறங்கும் உயரமே முதன்மையானது, ஆகவே பார் இல்லாத தாழ்ந்த பிறேமைத் தேடுங்கள். இங்கே அதன் முறுக்கம் ஒரு குறையல்ல. முழங்காலுக்குக் கீழ் செயற்கைக்கால் அணிந்தவருக்கு, அந்தப் பக்கத்துக் கிராங் குறுகியதாக இருந்தால் முழங்கால் அதிகம் மடிய வேண்டியதில்லை. வழமையான கிராங் ஏறத்தாழ 170 மி.மீ.; சிறுவர் சைக்கிளின் குறுகிய கிராங் ஒன்று, அச்சின் தடிப்பும் கொட்டர் பின்னின் அளவும் ஒன்றாக இருந்தால், அப்படியே ஏறிவிடும். ஒரே காலால் மிதிப்பவருக்குப் பெடலில் தோல்வார் ஒன்று பூட்டினால், மிதிப்பதோடு மேலிழுக்கவும் முடியும். அதனால் பெடல் கீழே நின்றுவிடும் இடத்தைக் கடக்கலாம். பல்லின் விகிதமும் இலகுவாக இருக்க வேண்டும். ஒரு கை மட்டும் உள்ளவருக்கு, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் ஹப் கொண்ட பழைய சைக்கிள் எங்காவது கிடைத்தால் அது பெரிய பேறு. கிடைக்காவிட்டால் ஒரே பிடியில் இரண்டு கேபிளையும் இழுக்கும் வகையைத் தேடிப் பூட்ட வேண்டும். பிறேமை வாங்குவதற்கு முன், ஓட்டப்போகிறவரையே அதன்மேல் இருத்திப் பார்ப்பது இங்கே கட்டாயம். வேறொருவர் அவருக்காக அளவு தீர்மானிக்க முடியாது.

ஓட்டிப் பார்த்தல்

சில்லுகளில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த தார்வீதியில் நேராக உருட்டிச் செல்லுங்கள். முன்சில்லின் தடமும் பின்சில்லின் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். ஒரு விரல் அகலத்துக்கு விலகினால் எங்கோ வளைவு இருக்கிறது, அல்லது பின்சில்லு காடியில் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. பின்சில்லைச் சரியாகப் பூட்டி மீண்டும் பாருங்கள். பிறகு கிரவல் வீதியில் மெதுவாக ஓட்டி, ஹாண்டில் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா, திருப்பும்போது நடுவில் கடிக்கிறதா என்று கவனியுங்கள். கடித்தால் தலைக்குழாயின் கப்பில் பெயரிங் குண்டுகள் குழி விழுத்தியிருக்கின்றன.

விலையும் எழுத்தும்

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நாடெங்கும் சைக்கிள் விலை ஏறியது. அன்று கொடுத்த விலையை மனதில் வைத்துச் சிலர் இன்றும் கேட்பார்கள். பேசப் போகுமுன் கடையில் இரண்டு ரயர், இரண்டு ரியூப், செயின், பிறீவீல், பிறேக் கட்டை, கேபிள், குண்டுகள், பூச்சு, ஒட்டுக்கூலி ஆகியவற்றின் விலையைக் கேட்டுக் கூட்டி வையுங்கள். அதே பாரத்தைச் சுமக்கும் புதிய சைக்கிளின் விலையிலிருந்து இந்தத் தொகையைக் கழியுங்கள். மிச்சத்தில் பாதிக்கு மேல் பழைய சைக்கிளுக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன், ஏனெனில் கழற்றிய பிறகு தெரியவரும் செலவு ஒன்று எப்போதும் இருக்கும். வண்டியை இழிவாகப் பேசி விலை குறைக்கத் தேவையில்லை. கண்ட குறையைக் காட்டி, அதற்கான செலவைச் சொன்னால் போதும். நெருக்கடியில் விற்கிறவர் என்று தெரிந்தால் அதைப் பயன்படுத்தி அடித்துப் பேசாதீர்கள்.

ஒரு தாளில் திகதி, விலை, பிறேம் இலக்கம், விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எழுதி, இருவரும் சாட்சி ஒருவரும் கையொப்பமிடுங்கள். பிறேம் இலக்கம் பெரும்பாலும் பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ சீற் குழாயின் மேல்முனையிலோ குத்தப்பட்டிருக்கும். பழைய பற்றுச்சீட்டோ பிரதேச சபை வரித் துண்டோ இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

கொண்டுவந்த பிறகு

பூச்சு வாங்க ஓடாதீர்கள். முதலில் முழுவதையும் கழற்றுங்கள். இறுகிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு விடுங்கள். இடது பெடலின் மரையும், பெடல் அச்சுக் கூட்டின் வலப்பக்கக் கப்பின் மரையும் இடஞ்சுழியானவை. மற்றவற்றைப் போலத் திருப்பினால் மேலும் இறுகும். குண்டுகளைப் பழையவற்றோடு கலக்காமல் முழுத் தொகுதியாக மாற்றுங்கள்: வழக்கமாக முன் ஹப்புக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டுகள், பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு 9 வீதம் ¼ அங்குலக் குண்டுகள், பெடல் அச்சுக்குப் பக்கத்துக்கு 11 வீதம் ¼ அங்குலக் குண்டுகள் வேண்டும். பெடல் அச்சுக் கூட்டின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இல்லையென்றால், கூட்டின் மரையைத் தொடாமல் ஒன்று இடுங்கள். குழாய்களுக்குள் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடியவிட்டால் உட்துரு அடங்கும். ஒட்டு வேலை இருந்தால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். எண்ணெய் உள்ள குழாயில் சுடர் படக் கூடாது.

கரியலும் ஸ்டான்டும் பூட்டிய பிறகு, பூச்சுக்கு முன்பே, பாதிப் பாரத்தோடு சில நாட்கள் ஓட்டுங்கள். கம்பிகள் இந்த நாட்களில்தான் தளரும், கொட்டர் பின் தன் துளையில் நன்றாக அமரும், கரியல் நட்டுகள் அசையும். எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கி, கம்பிகளைச் சரிபார்த்து, மூட்டுகளில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு எதுவும் இல்லை என்று கண்ட பிறகு பூச்சை அடியுங்கள். முழுப் பாரத்தை அதன் பிறகு ஏற்றுங்கள்.